மாப்பிள்ளை மோதிரம்: எடையா, கையா?

தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்க்கிறோம். சுபவேளையில் பத்தர் பொன்னை உருக்க, இரு வீட்டாரும் கூடி நின்று பார்க்கிறார்கள். கூறைச் சேலைக்காகக் காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். மாப்பிள்ளையின் மோதிரம் என்று வரும்போது மட்டும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: எத்தனை பவுண்? வடிவம் என்ன, விரலுக்கு அது பொருந்துமா, அவர் செய்கிற தொழிலுக்கு ஒத்துவருமா என்று யாரும் கேட்பதில்லை. விளைவை எல்லோரும் அறிவோம். எழுத்தன்று போட்ட மோதிரம் அல்பத்தில் மின்னுகிறது. சில மாதங்களில் அலுமாரிக்குள் போய்விடுகிறது. கேட்டால் இறுக்குகிறது, கனக்கிறது, வேலைக்கு இடைஞ்சல் என்கிறார்கள். இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. வாங்கும்போதே யோசித்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

அன்றாடம் அணிகிற கலியாண மோதிரத்தைக் கையைப் பார்த்துத் தெரிய வேண்டும், எடையைப் பார்த்து அல்ல. கொழும்பின் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் மனதில் வைத்து, அழகு, உலோகம், அளவு, பாதுகாப்பு, விலை என்று இந்தக் கேள்வியின் எல்லாப் பக்கங்களையும் இங்கே பார்க்கிறேன்.

ஆண் மோதிரம் நமக்குப் புதிதல்ல. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில் கிடைத்த முத்திரை, ஒரு மோதிரத்தில் பதித்திருந்ததாகவே கருதப்படுகிறது. பிராமி எழுத்தும் அதற்கு முந்திய குறியீடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. இராமன் அனுமன் கையில் கொடுத்தனுப்பிய கணையாழியும் ஆணின் மோதிரந்தான். ஆனால் இவை ஆளை அடையாளம் காட்டிய மோதிரங்கள். மணமானவன் என்று காட்டுவதற்காக ஆண் மோதிரம் போடுவது பல இடங்களில் பழைய வழக்கமல்ல. அமெரிக்காவில் 1920களில் நகைக்காரர்கள் ஆண்களுக்கு நிச்சய மோதிரத்தை விற்க முயன்று தோற்றார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் கணவனும் மனைவியும் மோதிரம் மாற்றும் முறை அங்கே வேரூன்றியது. 1940களின் முடிவில் பத்துத் திருமணங்களில் எட்டு அப்படித்தான் நடந்தன என்று வரலாற்றாசிரியர் விக்கி ஹவார்ட் எழுதியிருக்கிறார். பிரித்தானிய இளவரசர் வில்லியம் 2011இல் மணமுடித்தபோது மோதிரம் வேண்டாம் என்றே முடிவு செய்தார்.

கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மோதிரம் திருமணச் சடங்கின் நடுவிலேயே நிற்கிறது. புனித லூசியா பேராலயமோ வேறோர் ஆலயமோ, வார்த்தைப்பாடு முடிந்ததும் குருவானவர் மோதிரங்களை மந்திரிக்க, இருவரும் ஒருவருக்கொருவர் அணிவிக்கிறார்கள். இந்த இரட்டை மோதிரமும் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. 1614ஆம் ஆண்டின் ரோமைச் சடங்கு நூலில் மந்திரிக்கப்பட்டது மணமகளுக்குரிய ஒற்றை மோதிரம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல் வெளியான புதிய திருமணச் சடங்கு முறைதான் இரு மோதிரங்களையும் சமமாக வைத்தது. ஆக, பீடத்தின் முன் மாப்பிள்ளை விரலில் ஏறும் மோதிரத்துக்குச் சடங்கு நூலில் வயது அறுபதைக்கூட எட்டவில்லை.

வெள்ளவத்தையின் சைவக் குடும்பங்களில் கதை வேறு. ஐயர் மாப்பிள்ளையின் வலக்கை மோதிர விரலில் போட்டுவிடுவது தர்ப்பைப் பவித்திரம். சடங்கு முடிந்ததும் அது கழன்றுவிடும். கால் கழுவி அழைத்துவரும் பெண்ணின் தம்பிக்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுகிறார். குடத்துத் தண்ணீருக்குள் கணையாழி தேடும் விளையாட்டும் உண்டு. இத்தனை மோதிரங்கள் வந்துபோகும் சடங்கில் மாப்பிள்ளைக்கென்று நிலையான மோதிரம் எதுவும் இல்லை. அது வந்து சேர்ந்தது எழுத்து வழியாக. பதிவாளர் முன் கையெழுத்து வைத்ததும் மோதிரம் மாற்றுவது இன்று அநேகமாக எல்லா வீடுகளிலும் நடக்கிறது. சாத்திரம் எதையும் விதிக்காததால் எந்த உலோகம், எந்தக் கை, எந்த வடிவம் என்பதில் முழுச் சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நாம் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் சங்கிலியும் போடுவது நம் பழக்கம். மாமனார் போடுகிற நகை என்பதால் எடை கௌரவத்தோடு சேர்ந்துவிடுகிறது. சபை பார்க்க வேண்டுமென்று அகன்ற சதுர முகப்பு வைத்து, பெயரின் முதலெழுத்தையோ வேலின் உருவையோ அதில் பதிக்கிறார்கள். அளவுக்கு மாப்பிள்ளையின் பழைய மோதிரத்தை வாங்கி அனுப்புவார்கள். அதுவும் இல்லாவிட்டால் ஒரு நூல். போடப்போகிறவர் கடைப் படியேறாமலே மோதிரம் முடிந்துவிடுகிறது. மாமனார் காசு கொடுக்கட்டும், அதில் குறையில்லை. ஆனால் மாப்பிள்ளை ஒருமுறை நேரில் வந்து போட்டுப் பார்க்க வேண்டும். அவர் கனடாவிலிருந்து கலியாணத்துக்கு முதல் வாரந்தான் வருகிறார் என்றால், வந்த பிறகு அளவு திருத்துவதற்குப் பத்தரிடம் இரண்டு நாள் கேட்டு வைக்கலாம்.

முகப்பு மோதிரம் அழகற்றதல்ல. ஆனால் அது விசேஷ நாளுக்குரிய நகை. சட்டைக் கையில் மாட்டும், காற்சட்டைப் பைக்குள் கை விடும்போது இடிக்கும், முகப்பின் கனத்தால் விரலில் சுழன்று உள்ளங்கைப் பக்கம் வந்து நிற்கும். ஆண்டு முழுக்கப் போடுவதற்கு ஒரே சீரான வளைய மோதிரந்தான் சரி. எப்படிச் சுழன்றாலும் அதன் தோற்றம் மாறாது.

வளையத்தில் பார்க்க வேண்டியவை அகலமும் வெட்டுமுகமும். ஆண்களின் கைக்கு 4 முதல் 6 மில்லிமீற்றர் வரை பொருந்தும். மெல்லிய நீண்ட விரலுக்கு 4 போதும். பருத்த விரலில் 4 ஒரு கம்பிபோலத் தெரியும். அங்கே 5, 6 எடுப்பாக இருக்கும். 8க்குப் போனால் விரலை மடக்கும்போது உள்தோல் பிதுங்கும், அடியில் வியர்வை தேங்கும். கொழும்பின் புழுக்கத்தில் 6ஐத் தாண்டாதிருப்பது நல்லது. வெட்டுமுகத்தில், மேற்புறம் மெல்ல வளைந்து உட்புறமும் இலேசாகக் குவிந்திருக்கும் வடிவத்தையே நான் சொல்வேன். உட்புறம் குவிந்திருந்தால் கணுவைத் தாண்டி எளிதாக இறங்கும். விரலை முழுதாக அழுத்தாது. கை கழுவிய தண்ணீர் ஓரங்களால் வெளியேற வழி கிடைக்கும். மேலும் கீழும் தட்டையான மோதிரம் கண்ணாடிப் பெட்டிக்குள் மிக அழகாகத் தெரியும். ஆனால் அதன் கூரிய விளிம்பு பக்கத்து விரல்களை உரசும், முதல் அடி படுவதும் அந்த விளிம்பில்தான்.

எடை குறைய வேண்டும் என்பதற்காக உட்புறத்தைக் குடைந்து, வெளியே தடிப்பாகக் காட்டும் மோதிரங்கள் ஏராளமாக விற்கின்றன. இவற்றைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒரு வாய்க்கால் ஓடுவது தெரியும். அந்த வாய்க்காலில் சவர்க்காரமும் வியர்வையும் படிந்து தோல் அரிக்கத் தொடங்கும். சுவர் மெலிந்திருப்பதால் அளவு கூட்டவும் சிரமம், நசுங்குவதோ சுலபம். பார்வைக்கு ஒரு பவுணாகத் தெரியும் முக்கால் பவுண் மோதிரம் வேண்டாம். அகலத்தைக் குறைத்து முக்கால் பவுணுக்கே திண்மையாகச் செய்விக்கலாம்.

எத்தனை பவுணுக்கு என்ன கிடைக்கும் என்பதை ஒரு கணக்காகவே தருகிறேன். மோதிரத்தின் உள்விட்டம் 20 மில்லிமீற்றர், அகலம் 4, தடிப்பு 1.5 என்று வைப்போம். வளைந்த மேற்புறமுள்ள அந்த வளையம் 22 கரட்டில் ஏறத்தாழ 5.7 கிராம் வரும்; 8 கிராம் ஒரு பவுண் என்பதால் இது முக்கால் பவுணுக்குச் சற்றுக் குறைவு. அதே வளையம் 18 கரட்டில் 5 கிராம், பிளாட்டினத்தில் 6.6 கிராம், டைட்டேனியத்தில் ஒன்றரைக் கிராங்கூட இல்லை. அகலத்தை 5ஆகவும் தடிப்பை 1.7ஆகவும் உயர்த்தினால் 22 கரட்டில் ஒரு பவுண் வந்துவிடும். அன்றாட மோதிரத்துக்கு அதைத் தாண்ட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

உலோகத்தைப் பற்றித்தான் நம்மவர்களிடம் பிடிவாதம் அதிகம். 22 கரட் அல்லாதது பொன்னே அல்ல என்று பெரியவர்கள் சொல்வார்கள். 22 கரட்டில் 91.6 வீதம் பொன், 18 கரட்டில் 75 வீதம். மிச்சம் வெள்ளியும் செம்பும். 22 கரட்டின் மஞ்சள் நிறத்துக்கு ஈடில்லை. நம் தோல் நிறத்தில் அது சுடர்விடும். ஆனால் அது மென்மையானது. 18 கரட் அதைவிட ஏறத்தாழ இரு மடங்கு கடினம். பஸ் கம்பியைப் பிடிப்பதும் மோட்டார் சைக்கிள் கைபிடியை முறுக்குவதும் சாவிக்கொத்தை அள்ளுவதும் 22 கரட் வளையத்தில் ஒரு வருடத்துக்குள் வடுக்களாகத் தெரியும். மெல்லியதாக இருந்தால் வட்டமே கோணலாகும்.

ஒரு மோதிரம் எவ்வளவு தேய்கிறது என்பதை அளந்து பார்த்த ஒருவர் இருக்கிறார். வியன்னாவைச் சேர்ந்த வேதியியலாளர் கேயோர்க் ஷ்டைன்ஹவுஸர், கலியாணமான நாளிலிருந்து ஓராண்டு தன் 18 கரட் மோதிரத்தை வாரந்தோறும் நிறுத்தார். தொடக்கத்தில் 5.58 கிராம் இருந்தது. ஆண்டு முடிவில் 6.15 மில்லிகிராம் குறைந்திருந்தது. 2008இல் பொன் ஆய்விதழொன்றில் இதை வெளியிட்டார். எல்லா வாரமும் ஒரேயளவு தேயவில்லை. மணற்கரையில் கழித்த விடுமுறை வாரமும் தோட்டவேலை செய்த நாட்களும் மற்றவற்றைவிடப் பலமடங்கு தேய்த்தன. ஐம்பது ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ கால் கிராமுக்குச் சற்று மேல். ஆகவே திண்மையான 18 கரட் வளையம் ஒரு வாழ்நாளைத் தாங்கும் என்று அச்சமின்றிச் சொல்லலாம். வெள்ளவத்தைக் கடற்கரையில் பிள்ளைகளோடு மணல் அளையும் மாலையில் மட்டும் அதைக் கழற்றி வைப்பது நல்லது.

விலையையும் பார்க்க வேண்டும். 2021இல் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேலே நின்ற 24 கரட் பவுண், 2025 ஒக்டோபரில் நான்கு இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அந்த விலையில், மேலே சொன்ன 4 மில்லிமீற்றர் வளையத்தின் பொன்னுக்கு மட்டும் 22 கரட்டில் இரண்டு இலட்சத்து அறுபதினாயிரம் அளவில் ஆகும்; 18 கரட்டில் ஓர் இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்குள் முடியும். செய்கூலியும் கழிவும் வேறு. அடகு வைக்கப் போனால் 18 கரட்டுக்குக் குறைத்துத்தான் போடுவார்கள் என்பது உண்மை. பொன் குறைவு, பெறுமதியும் குறைவு. ஆனால் வாங்கும்போதும் குறைத்துத்தானே கொடுத்தோம்? அவசரத்துக்கு அடகு வைக்கக் காசாகவோ கட்டியாகவோ பொன் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். கலியாண மோதிரத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவோம்.

வெள்ளை நிறம் விரும்புகிறவர்கள் இன்று பலர். வெள்ளைத் தங்கம் இயல்பிலேயே பளீர் வெள்ளையல்ல. மேலே ரோடியம் பூசியிருப்பார்கள். ஆணின் கையில் அந்தப் பூச்சு ஓரிரு வருடத்தில் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து இலேசான மஞ்சள் எட்டிப்பார்க்கும். மறுபடி பூச வேண்டும். வெண்மைக்காக நிக்கல் சேர்த்த கலவை சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே தோலில் படும் பொருள்களின் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. வாங்கும்போது நிக்கலா பலேடியமா என்று கேட்பது கடைக்காரருக்குத் தொந்தரவல்ல. பிளாட்டினத்துக்கு இந்தப் பூச்சுத் தொல்லை இல்லை. கீறல் விழுந்தால் உலோகம் பக்கவாட்டில் ஒதுங்குமே தவிர அதிகம் உதிராது. சில வருடங்களில் ஒரு மங்கிய சாம்பல் மினுக்கம் வந்துவிடும், அது அழகாகவே இருக்கும். சிக்கல் பட்டறையில் இருக்கிறது. பொன் 1064 பாகை செல்சியசில் உருகும், பிளாட்டினம் 1768இல். பொன் வேலை செய்கிற எல்லாப் பட்டறையிலும் அதைத் திருத்த முடியாது. செய்கிறவர் யார், நாளைக்கு அளவு மாற்றுகிறவர் யார் என்று கேட்டறிந்த பிறகே அதில் இறங்க வேண்டும்.

கறுப்பு, சாம்பல் நிறங்களில் வரும் டங்ஸ்டன் கார்பைட் மோதிரங்கள் இளைஞர்களை இழுக்கின்றன. கீறல் விழாது, விலை மலிவு. ஆனால் அளவு கூட்டவோ குறைக்கவோ முடியாது. கல்தரையில் ஓங்கி விழுந்தால் வெடித்துவிடும். விரல் தடித்தால் புது மோதிரந்தான். டைட்டேனியம் உடையாது, கையில் இருப்பதே தெரியாத அளவு இலேசு. அளவு மாற்றுவதோ அநேகமாக முடியாத காரியம். பீடத்தில் மந்திரித்த மோதிரத்தையோ எழுத்தன்று மனைவி போட்டுவிட்ட மோதிரத்தையோ பத்து வருடத்தில் தூக்கிப்போட்டு வேறு வாங்குவது மனதுக்கு ஒப்பாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இவற்றைக் கலியாண மோதிரமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதாக ஒன்று வேண்டுமானால் டைட்டேனியம் மிகப் பொருத்தம். வெள்ளி மலிவு, அழகு. கடற்காற்றும் வியர்வையும் உள்ள ஊரில் கறுக்கும், விடாமல் துடைக்க வேண்டும்.

கல் பதிக்கலாமா என்று கேட்பார்கள். இலங்கையில் இருந்துகொண்டு நீலக்கல்லை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரத்தினபுரி நீலம் கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்பது. கீறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. வளையத்தின் மேற்பரப்போடு மட்டமாக அமுங்கும்படி ஒரு சிறு கல்லைப் பதித்தால் எதிலும் மாட்டாது. கொக்கி வைத்து உயர்த்திப் பிடித்த கல்லை அன்றாட மோதிரத்தில் தவிர்க்க வேண்டும். நீலம் சனியின் கல், எல்லோருக்கும் ஒத்துவராது என்று நம்புகிற வீடுகளில் சாதகம் பார்த்த பிறகே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். பதித்துவிட்டு, பிறகு மாமியார் முகம் சுருங்குவதில் யாருக்கும் நன்மையில்லை.

எந்தக் கை என்பதற்கு நம் சாப்பாடே விடை சொல்கிறது. சோறும் கறியும் வலக்கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இடக்கை வசதி. கத்தோலிக்கரும் இங்கே இடக்கையில்தான் போடுகிறார்கள். நவரத்தின மோதிரமோ இராசிக்கல்லோ ஏற்கெனவே வலக்கையில் இருப்பவருக்கு இது இன்னும் பொருந்தும். வலப்பக்கந்தான் மங்களம் என்று கருதும் குடும்பத்தில் கலியாண வீட்டில் வலக்கையில் போட்டு, பிறகு இடக்கைக்கு மாற்றலாம். அப்படியானால் அளவை இடக்கை விரலுக்கே எடுக்க வேண்டும். வேலைசெய்யும் கையின் விரல் பெரும்பாலும் சற்றுப் பருமனாக இருக்கும்.

அளவு தவறுவதால்தான் அதிகமான மோதிரங்கள் அலுமாரிக்குப் போகின்றன. விரல் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெயிலில் நடந்து வந்ததும் வீங்கும். குளிரூட்டிய அறையில் சுருங்கும். உப்புக் கூடிய சாப்பாட்டுக்கு மறுநாள் காலை தடித்திருக்கும். ரொறொன்ரோவின் பனிக்காலத்தில் எடுத்த அளவு கொழும்பின் சித்திரை வெயிலில் இறுக்கும். ஆகவே வெவ்வேறு பொழுதுகளில் அளந்து பார்த்து நடுவில் நிற்பதைத் தெரிய வேண்டும். நூல் கட்டி அளப்பது நம்பத்தக்கதல்ல. கடையில் அளவு வளையங்கள் கோத்த கொத்து இருக்கும். அதிலும் மெல்லிய வளையத்தைப் போட்டு அளந்துவிட்டு 6 மில்லிமீற்றர் மோதிரம் செய்தால் இறுக்கும். அகலம் கூடும்போது அளவையும் அரை எண் கூட்ட வேண்டும். கணுவில் சற்றுத் தடைப்பட்டு, சுழற்றினால் இறங்கி, அடியில் இலேசாகச் சுழல்வதுதான் சரியான அளவு. கணு பெரிதாகவும் அடி மெலிந்தும் உள்ள விரலுக்குக் கணுவையே கணக்கில் எடுத்து, உள்ளே இரண்டு சிறு பொன்மணி ஒட்டுவித்தால் சுழலாது நிற்கும். கடலில் குளிக்கும்போது மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பிழைக்கும். தண்ணீரில் விரல் சுருங்கி, சவர்க்காரமோ எண்ணெயோ சேர்ந்தால் மோதிரம் நழுவிவிடும்.

பாதுகாப்பைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. மோதிரம் எங்காவது மாட்டிக்கொண்டு உடலின் பாரம் முழுவதும் அந்த ஒரு விரலில் இழுபட்டால் தோலும் இரத்தக் குழாயும் உரிந்து வந்துவிடும். இந்தக் காயத்தை அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்பானியாக் 1981இல் மூன்று தரங்களாக வகுத்தார். கடைசித் தரத்தில் விரலைக் காப்பாற்றுவதே அரிது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலனுக்கு 2015 ஜூனில் இது வீட்டுச் சமையலறையில் நடந்தது: தடுக்கி விழுந்தபோது மேசை விளிம்பில் மோதிரம் மாட்டி, விரலைக் காக்க ஆறு மணிநேரச் சத்திரசிகிச்சை வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களும், கராஜ்களில் இயந்திரத்துக்குள் கைவிடுகிறவர்களும், லொறியிலிருந்து குதித்திறங்குகிறவர்களும் எத்தனை பேர்! பற்றரி முனைக்கும் வண்டி உடலுக்கும் நடுவில் மோதிரம் பாலமாகிவிட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுற்றி வெந்துவிடும். இத்தகைய தொழில் செய்கிறவர் வேலைக்குப் போகும்போது மோதிரத்தைக் கழற்ற வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கழற்றுவதை அபசகுனமாகப் பார்க்கும் மனைவிமாருக்கு இந்தக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலை நேரத்துக்கு இழுத்தால் அறுந்துபோகும் சிலிக்கன் வளையம் இருக்கிறது. கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போடுகிறவர்களும் உண்டு, சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் அதுவும் கூடாது. வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுக் கைச்சுகாதார வழிகாட்டல், நோயாளியைக் கவனிக்கும்போது மோதிரம் வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. விடமுடியாதவர்களுக்கு வேலைப்பாடற்ற வளையம் ஒன்றுதான் வழி.

விரல் வீங்கி மோதிரம் கழலாவிட்டால் பிடித்து இழுக்கக் கூடாது. கையைத் தலைக்கு மேலே சிறிது நேரம் உயர்த்தி, குளிர்ந்த நீரில் வைத்து, எண்ணெய் தடவிச் சுழற்றிப் பார்க்கலாம். பயனில்லையென்றால் வழுவழுப்பான நூலின் ஒரு முனையை மோதிரத்தின் அடியால் நுழைத்து, மறுமுனையைக் கணுவைத் தாண்டும்வரை விரலில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பிறகு நுழைத்த முனையைப் பிடித்து விரல்நுனிப் பக்கமாக அவிழ்த்துவர, அதோடு மோதிரமும் நகர்ந்து வரும். விரல் நீலம் பாரித்தால் நேரே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். பொன்னையும் வெள்ளியையும் அங்கே சிறு சக்கரத்தால் நொடியில் வெட்டுவார்கள். டங்ஸ்டனை இடுக்கியால் நெரித்து உடைக்க வேண்டும், டைட்டேனியத்துக்கு நேரமெடுக்கும். வெட்டிய பொன் மோதிரத்தை மறுபடி ஒட்டிப் போடலாம் என்பது பொன்னின் பெரிய வசதி.

எங்கே வாங்குவது? காலி வீதிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டியும் குளிரூட்டியும் உண்டு, தெரிவும் அதிகம். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்களைச் சுற்றி நிற்கும் கடைகளின் பின்னும் மேல்மாடியிலும் பட்டறைகள் இருக்கின்றன. வளைய மோதிரம் செய்விப்பதற்கு நான் அங்கேதான் போகச் சொல்வேன். ஒரு பட்டறையில் அளவு கூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பத்தர் மோதிரத்தை மெல்லிய வாளால் ஓரிடத்தில் அறுத்தார். கூம்புக் கோலில் ஏற்றி மரச் சுத்தியலால் தட்டி வாயைத் திறந்தார். அதே கரட்டில் ஒரு சிறு துண்டை இடைவெளிக்கு ஒப்ப அராவி நுழைத்தார். வெண்காரம் தடவி, பற்றாசு வைத்து ஊதுகுழலை நீட்டினார். பற்றாசு ஓடிப் பரவும் கணத்தில் நெருப்பை எடுத்துவிட்டார். ஒரு நொடி தாமதித்தால் வளையமே இளகியிருக்கும். அராவி மெருகிட்டுக் கையில் தந்தபோது ஒட்டு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கைவேலை நம் ஊரில் இருக்கும்போது அளவு மாற்றவே முடியாத உலோகத்தை நாடுவது எனக்குப் புரியவில்லை.

வாங்கும்போது கரட் முத்திரையைப் பார்க்க வேண்டும்: 22க்கு 916, 18க்கு 750. பற்றுச்சீட்டில் எடையும் கரட்டும் செய்கூலியும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். ஐயமிருந்தால் 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிடம் தரத்தைச் சோதிக்கக் கொடுக்கலாம். கலியாணச் சாமான் வாங்கச் சென்னைக்குப் போகும் குடும்பங்கள் ஹால்மார்க்கோடு ஆறிலக்க அடையாளக் குறியும் பதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் அங்கே ஹால்மார்க் நகை விற்கக்கூடாது. சென்னையில் வாங்குவதில் ஒரு குறை: அளவு பிழைத்தால் செய்தவரிடம் திரும்பப் போக முடியாது.

ஆகவே வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ ஒரு தம்பி என்னிடம் கேட்டால், 18 கரட் மஞ்சள் பொன்னில், 4 அல்லது 5 மில்லிமீற்றர் அகலத்தில், உட்புறம் குவிந்த திண்மையான வளையம் என்பேன். வீட்டில் 22 கரட்தான் வேண்டும் என்று நின்றால் சண்டை பிடிக்கத் தேவையில்லை, தடிப்பை 1.8க்கு உயர்த்தினால் கோணலாகாமல் நிற்கும். மேற்பரப்பைக் கண்ணாடிபோல மெருகிடாமல் மங்கலாக விடச் சொல்லலாம். கீறல்கள் எடுத்துக் காட்டாது. வளையத்தின் உள்ளே இருவர் பெயரையும் நாளையும் வெட்டுவிப்பதானால் கையால் ஆழமாக வெட்டுவிக்க வேண்டும். லேசர் எழுத்து மேலோட்டமானது. எழுத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் நாலைந்து மில்லிமீற்றர் வெறுமையாக விடும்படி சொல்ல வேண்டும். விரல் தடித்து அளவு கூட்டப் போகும்போது பத்தர் அந்த இடத்தில்தான் அறுப்பார், பெயர்களில் வாள் படாது.